பழைய ஸ்டூடியோ படத்தின் விளிம்பை மென்மையாகக் கரைப்பது எப்படி? (கிம்ப் 2.10)

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பத்தாவின் முதலாமாண்டு நினைவு நாளுக்காக ஓர் அஞ்சலி அட்டை அச்சிட இருக்கிறோம். அவருடைய படம் என்று எங்கள் வீட்டில் உருப்படியாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். 1968இல் மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த, நாலுக்கு ஆறு அங்குலக் கறுப்பு வெள்ளைப் படம். அதை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, கிம்ப் 2.10 என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்து வைத்திருக்கிறேன். முகமும் தோளும் தெளிவாக நிற்க, சுற்றியுள்ள பகுதி மெல்ல மெல்லக் கரைந்து அட்டையின் சந்தன நிறத்தோடு கலந்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

நீள்வட்டக் கருவியால் முகத்தைச் சுற்றித் தேர்வு செய்து, விளிம்பை மென்மையாக்கும் ஃபெதர் அளவை 30 என்று கொடுத்து, தேர்வைத் தலைகீழாக்கி டெலீட் விசையை அழுத்தினேன். கத்தரிக்கோலால் வெட்டியது போலவே விளிம்பு நின்றது. அளவை 300 ஆக்கியபோது பக்கங்கள் நன்றாகக் கரைந்தன. ஆனால் நீள்வட்டம் படத்தின் அடிவிளிம்பைத் தொடுகிற இடத்தில், அப்பத்தாவின் முந்தானைக் கரைக்குச் சற்றுக் கீழே, கோடு போட்டது போல நேராக வெட்டுப்பட்டிருக்கிறது. ஜேபெக் கோப்பாகச் சேமித்து அட்டை வடிவமைப்பில் வைத்தால் படத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி தெரிகிறது. ஸ்கேனில் இருந்த புள்ளிகளையும் கீறல்களையும் போக்குவதற்காகப் பின்னணியை முன்னரே வழவழப்பாக்கியிருந்தேன். இப்போது கரையும் பகுதியில், வெட்டிய மரத்தில் தெரியும் வளையங்களைப் போல வரிவரியாகத் தெரிகிறது. பேரன் என்ற முறையில் இதைக் கடையில் கொடுக்காமல் என் கையாலேயே செய்து முடிக்க விரும்புகிறேன். எங்கே தவறு செய்கிறேன் என்று சொல்ல முடியுமா?

பனையோலை எழுதியது:

நண்பரே, முதலில் அளவைப் பார்ப்போம். ஃபெதருக்குக் கொடுக்கும் எண் பிக்சல் கணக்கு. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல் வரும். அதில் 30 பிக்சல் என்பது தாளில் ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். முழுப் படத்தையும் திரையில் அடக்கிப் பார்க்கும்போது அது கண்ணில் படாதது இயல்பே. இணையத்தில் சொல்லப்படும் 30, 50 போன்ற எண்கள் பெரும்பாலும் சிறிய படங்களுக்கானவை. உங்கள் படத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கரைய வேண்டுமானால் 236 பிக்சல் வேண்டும். ஆகவே நீங்கள் கொடுத்த 300 சரியான அளவுதான்.

அடிப்பகுதியில் வெட்டுப்பட்டதற்குக் காரணம், ஃபெதர் தேர்வுக் கோட்டுக்கு உள்ளே மட்டும் வேலை செய்வதில்லை என்பது. கோட்டின் இரு பக்கமும் அது பரவுகிறது. கோடு ஓடும் இடத்தில் படம் இன்னும் பாதியளவு தெரிந்துகொண்டுதான் இருக்கும். கோடு படத்தின் எல்லையிலேயே இருந்தால், வெளிப்பக்கம் கரைய இடமில்லாமல் அந்தப் பாதி அப்படியே அறுபட்டு நேர்கோடாகத் தெரியும். எனவே ஃபெதர் கொடுப்பதற்கு முன்பு, செலக்ட் மெனுவில் உள்ள ஷ்ரிங்க் கட்டளையால் தேர்வை அதே 300 பிக்சல் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். தேர்வைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் எறும்புக் கோடு (புள்ளிக்கோடு) அந்தப் பாதி நிலையை மட்டுமே காட்டும் என்பதால் அதை நம்ப வேண்டாம். ஷிஃப்ட் விசையோடு க்யூவை அழுத்தினால் தேர்வுக்கு வெளியே உள்ளதைச் சிவப்பாகக் காட்டும் விரைவு மாஸ்க் வரும். சிவப்புத் திரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தால் கரைவின் உண்மையான அகலம் புரியும். மீண்டும் அதே விசைகளை அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

டெலீட் விசையைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். லேயருக்கு (பட அடுக்குக்கு) ஒளிபுகும் தன்மையைப் பதிவுசெய்யும் ஆல்ஃபா சேனல் இல்லையென்றால் அது அழிக்காது, பின்னணி நிறத்தைப் பூசிவிடும். ஆல்ஃபா இருந்தாலும், ஒருமுறை அழித்துக் கோப்பை மூடிவிட்டால் பிறகு கை நகர்த்த இடமில்லை. ஒரே ஒரு படம் இருக்கும்போது அந்தத் துணிச்சல் வேண்டாம். தேர்வு தயாரானதும் லேயர் மாஸ்க் சேர்த்து, அதை அந்தத் தேர்விலிருந்தே உருவாக்கச் சொல்லுங்கள். மாஸ்கில் வெள்ளையாக உள்ள இடம் முழுமையாகத் தெரியும், கறுப்பாக உள்ள இடம் மறையும், சாம்பல் அதற்கேற்ப மங்கும். கரைவு போதவில்லையென்றால் மாஸ்கைத் தேர்ந்தெடுத்து அதன் மீது மட்டும் காசியன் பிளர் என்ற மங்கலாக்கும் வடிகட்டியைக் கொடுக்கலாம். அப்பத்தாவின் படத்தில் ஒரு பிக்சல்கூட மாறாது.

வெள்ளைப் பெட்டிக்குக் காரணம் ஜேபெக். அந்த வடிவத்தில் ஒளிபுகும் தன்மையைச் சேமிக்கவே முடியாது. பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். மூலக் கோப்பை கிம்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டறை எழுதியது:

தம்பி, நான் பல ஆண்டுகள் ஸ்டூடியோவில் படம் கழுவியவன். நீங்கள் கேட்பது நாங்கள் விக்னெட் என்று சொன்ன வேலை. பெரிதாக்கும் கருவியின் லென்ஸுக்கும் கீழே இருக்கும் தாளுக்கும் நடுவில், ஓட்டை வெட்டிய அட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்வோம். ஒளி விழும் நேரம் முழுவதும் அந்த அட்டை நிற்காமல் சிறு வட்டமாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி கை நின்றாலும் தாளில் விளிம்பு விழுந்துவிடும். அட்டையை லென்ஸுக்கு அருகே உயர்த்தினால் கரைவு அகலமாகும், தாளுக்கு அருகே இறக்கினால் குறுகும். உங்கள் ஃபெதர் எண் இப்போது செய்கிற வேலை அதுதான்.

அந்த ஓட்டையை நாங்கள் பெரும்பாலும் சரியான நீள்வட்டமாக வெட்டியதில்லை. மேலே தலையின் வளைவுக்கு ஏற்பவும் கீழே தோள்களுக்காக அகன்றும், பேரிக்காய் போல வெட்டுவோம். தலைக்கு மேல் கரைவு குறுகலாகவும், மார்புப் பகுதியில் மூன்று மடங்கு நீளமாகவும் இருந்தால்தான் ஆள் இயல்பாக எழுந்து வருவது போல இருக்கும். சரிசமமாகக் கரைந்த நீள்வட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் முகத்தை வைத்தது போலாகிவிடும். ஆகவே மாஸ்க் போட்ட பிறகு, கடினத்தன்மை 025 என்று கொடுக்கப்பட்டுள்ள தூரிகையைப் பெரிதாக்கி, அடர்த்தியைப் பத்து சதவீதத்துக்குக் குறைத்து, கறுப்பு நிறத்தால் முந்தானைக்குக் கீழே திரும்பத் திரும்பத் தடவுங்கள். காதோரமும் கொண்டையும் கரைந்துவிடாமல் அங்கே வெள்ளையால் மீட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். அந்தக் காலத்துப் பின்திரை அடர் சாம்பலாக இருந்தால், அதை வெளிர்நிறத்தில் கரைக்கும்போது சுற்றிலும் விளக்குப் புகை படிந்தது போல ஒரு வளையம் தங்கும். எவ்வளவு ஃபெதர் கொடுத்தாலும் அது போகாது. வெள்ளையில் கரைக்க வேண்டிய படத்தை நாங்கள் வெளிர் திரைக்கு முன்தான் எடுப்போம். உங்கள் படத்தில் திரை அடர்த்தியாக இருந்தால், முதலில் ஆளைத் தனியாகத் தேர்வு செய்து, பின்னணியை மட்டும் லெவல்ஸ் (ஒளியளவை மாற்றும் கருவி) கொண்டு வெளிறச் செய்து, அதன் பிறகு மாஸ்க் போடுங்கள்.

அச்சுமை எழுதியது:

வளையங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எட்டு பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தம் 256 படிகள். உங்கள் பின்னணி 200இல் இருந்து 255 வரை கரைகிறது என்று வைத்துக்கொண்டால் இடையில் 55 படிகளே உள்ளன. அவை 1000 பிக்சல் அகலத்துக்குப் பரவினால் ஒவ்வொரு படியும் 18 பிக்சல், அதாவது தாளில் முக்கால் மில்லிமீட்டர் பட்டையாக நிற்கும். கண்ணுக்கு அது வரியாகத் தெரிகிறது. பழைய படத்துக்கே உரிய பொடிமணித் தன்மை இந்த வரிகளை மறைத்திருக்கும். வழவழப்பாக்கியபோது அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டீர்கள். முடியுமானால் மூல ஸ்கேனிலிருந்து மீண்டும் தொடங்கி, கீறல்களை மட்டும் ஹீல் கருவியால் ஒவ்வொன்றாக நீக்குங்கள். முடியாவிட்டால் இமேஜ் மெனுவில் பிரிசிஷனை (நிறப்படிகளின் நுட்பத்தை) 16 பிட்டுக்கு மாற்றி வேலை செய்து, கடைசியில் மிகச் சிறிதளவு நாய்ஸ் (பொடிமணி) சேருங்கள்.

அச்சகத்தில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாளே சந்தன நிறமா, அல்லது வெள்ளைத் தாளில் சந்தன நிறத்தை அச்சிடுகிறார்களா? தாளே நிறமுள்ளதென்றால் படத்தை வெள்ளையில் கரைத்தாலே போதும். வெள்ளை என்பது அங்கே மை விழாத இடம், தாளின் நிறம் தானாக வந்துவிடும். நிறத்தை அச்சிடுகிறார்கள் என்றால்தான் ஒளிபுகும் பிஎன்ஜி தேவைப்படும். ஆஃப்செட் அச்சில் மிகச் சிறிய புள்ளிகள் தாளில் பதியாமல் போவதுண்டு என்பதால், திரையில் இல்லாத ஒரு விளிம்பு அச்சில் தோன்றக்கூடும். மாதிரிப் படி ஒன்று எடுத்துப் பார்க்காமல் மொத்தத்துக்கும் ஒப்புதல் கொடுக்க வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூல ஸ்கேனிலிருந்து மீண்டும் தொடங்கினேன். கீறல்களைத் தனித்தனியாக நீக்கவே ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. வளையங்கள் இப்போது அறவே இல்லை. பின்திரை உண்மையில் அடர் சாம்பல்தான். இருட்டறை ஐயா சொன்னபடி அதை வெளிறச் செய்த பிறகே புகை வளையம் மறைந்தது. அப்பத்தாவின் பாம்படத்துக்குப் பின்னால் இருந்த நிழலையும் அது எடுத்துக்கொண்டுவிட்டதால், அந்த இடத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்தேன். அச்சகத்தில் விசாரித்தேன்; தாளே சந்தன நிறம் என்றார்கள். ஆகவே வெள்ளையில் கரைத்த படத்தையே கொடுத்திருக்கிறேன். மாதிரிப் படி வியாழக்கிழமை வரும். முந்தானைக்குக் கீழே விளிம்பு ஏதேனும் தெரிந்தால் இங்கே வந்து கேட்கிறேன்.