வயசான கோம்பை நாய், கட்டிப்போடவா அவுத்து விடவா?

மெட்டுரோடு:
எல்லாருக்கும் வணக்கம். கம்பம்மெட்டு ரோட்டு ஓரத்துல எங்க வீடு, பின்னாடி திராட்சைத் தோட்டம். கோம்பை ஊர்ல இருந்தே தூக்கிட்டு வந்த செவலை நாய் ஒண்ணு, வயசு 13 ஆகப்போகுது. குட்டியில இருந்து கட்டுனதே இல்ல, விடிகாலைல ரோட்டைத் தாண்டி ஒரு ரவுண்டு போயிட்டு டீக்கடைல பொறை வாங்கித் தின்னுட்டு தானா வந்துரும். இப்ப காது சுத்தமா கேக்கல, கண்ணு நீலம் பூத்தாப்புல இருக்கு, எந்திரிக்கும்போது பின்னங்கால இழுக்குது. அது கிளம்புற நேரம்தான் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப்புக வரிசையா மேல ஏறும், அந்த வேகம் நம்மாளுகளுக்குத் தெரியும். அண்ணன் கட்டிப்போடுங்குது. கட்டுனா ராத்திரி பூரா ஊளை, சோறும் திங்கல, அம்மா பாவம்னு அவுத்து விட்டுருது. என்னதான் செய்யிறது?

கூடலூர்மாமா:
அவுத்து விடு தம்பி. கோம்பைய சங்கிலில போட்டா அது நாயா? எப்படியும் ஒருநா சாகத்தான் போகுது, அதுவரைக்கும் அது இஷ்டத்துக்குத் திரியட்டும்.

ஏலக்காடு:
மாமா சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் அந்த ஜீப்புலதான் தினம் போறேன், உள்ள மூச்சு விட எடமில்லாம அடைஞ்சு உக்காந்துருப்போம். நாய் குறுக்க வந்து டிரைவர் சட்டுனு ஒடிச்சா என்னாகும்? காது கேக்குற நாய்னா ஹாரனுக்கு ஒதுங்கும், இது நடுரோட்டுல நின்னு மோந்துக்கிட்டு இருக்கும். அவுத்து விடுறது அந்த நாயப் பொறுத்த விசயம் மட்டும் இல்ல மாமா.

பாளையத்துஅக்கா:
ஏலக்காடு சொல்றதுதான் சரி, ஆனா அதுக்காக நாள் பூரா கட்டவும் வேணாம் தம்பி. அதுக்கு ரவுண்டுனா நடக்குறது இல்ல, எவன் எங்க மூத்திரம் அடிச்சிருக்கான்னு மோந்து பாக்குறதுதான். கழுத்துப்பட்டைல கயிறு போடாம நெஞ்சோட சேத்து மாட்டுற பெல்ட் வாங்கி, நீளமா ஒரு கயிறு போட்டு, ஜீப்பெல்லாம் ஓஞ்சப்புறம் நீயே கூட்டிட்டுப் போ. எந்தப் பக்கம்னு அது முடிவு பண்ணட்டும், நின்ன எடத்துல எவ்வளவு நேரம் நின்னாலும் இழுக்காத. மத்த நேரம் கேட்டச் சாத்திட்டு வீட்டுக்குள்ள அவுத்தே விடு.

கண்ணு நீலமா இருந்தா எல்லாமே புரை இல்ல, வயசானா லென்ஸ் கெட்டிப்பட்டு அப்படித் தெரியும், பார்வை பெருசா போகாது. டாக்டர் லைட் அடிச்சுப் பாத்தா சொல்லிருவாரு. ராத்திரி ஊளையும் சங்கிலியாலதான்னு நெனச்சுராத, மூட்டுவலியா இருக்கும், இல்ல வயசான மனுசருக்கு வர்ற மாதிரி மூளை தடுமாறுனாலும் ராத்திரி தூங்காம கத்தும், மூலைல போய் செவுத்தப் பாத்துக்கிட்டே நிக்கும். அப்படி நிக்குதான்னு கவனி. சாரல் அடிக்கிற மாசத்துல மூட்டு இன்னும் பிடிக்கும், டைல்ஸ் தரையில வழுக்காம சாக்கு விரிச்சு விடு. நம்ம பாரசிட்டமால், டைக்ளோபினாக், புரூபன் எதையும் நீயா குடுத்துராத. தூங்கும்போது சட்டுனு தொட்டா பயந்து கடிச்சுரும், பிள்ளைகள்ட்ட சொல்லி வை, தரைய லேசா தட்டி எழுப்பணும்.

முக்கியமான விசயம், தோட்டத்துல தனியா விடாத. நம்ம பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க, ஆனா நாய்க்கு அது விசம், கிட்னிய அடிச்சுரும். கிஸ்மிஸ்ஸும் அப்படித்தான்.

மெட்டுரோடு:
என்னக்கா சொல்றீங்க, இத்தன வருசமா உதுந்த பழத்தைத் தின்னுக்கிட்டுத்தான் இருக்கு, ஒண்ணும் ஆகலையே?

பாளையத்துஅக்கா:
சிலதுக்கு ஒண்ணும் ஆகாது, சிலதுக்கு நாலு பழத்துக்கே கிட்னி போயிரும், எதுக்கு ஆகும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. கிழட்டு நாய வச்சுப் பரீட்சை பாக்காத. தின்னுருச்சுன்னு தெரிஞ்சா வாந்தி எடுக்கட்டும்னு காத்திருக்காம உடனே டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடு.

கூடலூர்மாமா:
ஜீப் விசயம் நான் யோசிக்கல, அது சரிதான். ஆனா அந்தக் கயிறு நீளமா இருக்கட்டும்யா.

மெட்டுரோடு:
சரி மாமா, பெல்ட் வாங்கிர்றேன். ஏலக்காடு அக்கா, ஜீப்பு எத்தன மணிக்கு ஓயும்?

ஏலக்காடு:
காலைல எட்டு மணிக்கு மேலன்னா பெரும்பாலும் ஓஞ்சுரும். சாயங்காலம் நாலுல இருந்து எறங்க ஆரம்பிப்போம், இருட்டுற வரைக்கும் ரோட்டுப் பக்கம் விடாதீங்க. ஞாயித்துக்கிழமை எங்க வண்டி கம்மி, ஆனா கேரளா போற டூரிஸ்ட் காருக வரும், அது எங்க டிரைவர விட மோசம்.