அவசரம்: புதிய போனில் மட்டும் லோகோ தெரியவில்லை

சாரல்:
வணக்கம். என் வகுப்புக்கான தளத்தில் மேலே இருக்க வேண்டிய லோகோ புதிய போனில் வரவே இல்லை. மெனுவைத் திறக்கும் மூன்று கோடும் காணோம். பழைய போனில் அது உடையும் நாள் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கணினியிலும் வருகிறது. திங்கட்கிழமை சேர்க்கை தொடங்குகிறது, வருகிறவர்கள் பெரும்பாலும் போனில்தான் பார்ப்பார்கள். கண்ணுக்குள் வீக்கம் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பதால் என்னால் திரையை அதிக நேரம் பார்க்க முடியாது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தூரிகை:
எந்தப் போன், எந்த பிரவுசர்? லோகோ ஃபைல் எந்த வகை, புள்ளிகளால் ஆன பிஎன்ஜியா, வடிவங்களை எழுத்தில் விவரிக்கும் எஸ்விஜியா? லோகோ இருந்த இடம் வெறுமையாக இருக்கிறதா, இல்லை உடைந்த படத்துக்கான சின்னம் வருகிறதா? கடைசிக் கேள்விக்காவது பதில் சொல்லுங்கள். படம் வந்து சேரவில்லையா, வந்தும் தெரியவில்லையா என்பது அதில்தான் பிரியும்.

பிட்டும்பைட்டும்:
கேச்சை, அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை, அழித்துவிட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை அதுதான்.

இரவுப்பறவை:
நேற்று வாங்கிய போனில் பழைய கேச் எங்கிருந்து வரும்? எனக்கு வேறு சந்தேகம். லோகோ ஃபைலின் பெயரில் 'பேனர்' அல்லது 'ஆட்' என்று ஏதாவது இருக்கிறதா? விளம்பரத் தடுப்பான்கள் பெயரை வைத்தே சில படங்களை நிறுத்திவிடும். புதிய போனில் அப்படி ஒன்றை யாராவது போட்டுக் கொடுத்திருக்கலாம்.

நிரல்வாசி:
இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன். கேள்வி கேட்கும் முன் டெவலப்பர் கருவியைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். இது மிக்ஸ்டு கன்டென்ட். பக்கம் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்கும், லோகோவின் முகவரியை மட்டும் பழைய எச்டிடிபியில் எழுதியிருப்பார்கள். பழைய பிரவுசர் கண்டுகொள்ளாது, புதியது விடாது. ஆயத்த டெம்ப்ளேட்டை எடுத்து மாட்டுகிறவர்களுக்கு இந்த அடிப்படை தெரிவதில்லை.

தூரிகை:
அப்படியென்றால் கணினியில் இருக்கும் புதிய பிரவுசரும் விடக்கூடாதே? அங்கே வருகிறது என்று எழுதியிருக்கிறார்.

நிரல்வாசி:
கணினியில் இருப்பது எந்த வெர்ஷன் என்று அவர் சொல்லவில்லை.

சாரல்:
ஆண்ட்ராய்டு, குரோம். பிஎன்ஜி. உடைந்த சின்னம் எதுவும் வரவில்லை, இடம் சும்மா இருக்கிறது. புகைப்படங்கள் எல்லாம் வருகின்றன. ஃபைல் பெயர் வெறும் 'லோகோ'தான். விளம்பரத் தடுப்பான் எதுவும் நான் போடவில்லை.

பிட்டும்பைட்டும்:
பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கிறதா? லினக்ஸ் சர்வரில் அது இரண்டும் வேறு வேறு.

தூரிகை:
அது மாறியிருந்தால் எந்தச் சாதனத்திலும் வராது, கணினியிலும்தான். சாரல், ஒரு சின்ன வேலை. லோகோ இருக்க வேண்டிய வெற்றிடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்துங்கள். படத்தைச் சேமிக்கும் மெனு வருகிறதா?

சாரல்:
வருகிறது!! ஆனால் அங்கே ஒன்றுமே தெரியவில்லையே.

தூரிகை:
சரி, படம் வந்துவிட்டது. கண்ணுக்குத்தான் படவில்லை. லோகோ எழுத்து என்ன நிறம்? பின்னணி வெள்ளையா, ஒளி ஊடுருவும் பின்னணியா? பக்கத்தின் பின்னணி இப்போது போனில் என்ன நிறத்தில் இருக்கிறது?

மருந்துச்சீட்டு:
தள விஷயம் எனக்குத் தெரியாது, கண் விஷயம் தெரியும். நான் கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கண்ணுக்குள் வீக்கம் என்றால் பெரும்பாலும் ஸ்டீராய்டு சொட்டோடு கண்மணியை விரிக்கும் சொட்டும் கொடுப்பார்கள். விரிந்த கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காது. அதனால் கண் கூசும், பக்கத்தில் இருக்கும் எழுத்து மங்கும். அப்படிப்பட்டவர்கள் போனை கருப்பு நிறத்துக்கு மாற்றி வைப்பது வழக்கம். சாரல், உங்கள் போனிலும் அப்படி மாற்றியிருக்கிறீர்களா?

சாரல்:
ஆமாம். வெளிச்சம் தாங்கவில்லை என்றதும் அண்ணன் மகன் எல்லாவற்றையும் கருப்பாக்கிக் கொடுத்தான். தளமும் கருப்பாகத்தான் வருகிறது. லோகோ கருப்பு எழுத்து, பின்னணி கிடையாது.

தூரிகை:
இதுதான். மருந்துச்சீட்டுக்கு நன்றி.

போன் முழுவதற்குமான டார்க் தீம் ஆண்ட்ராய்டு 10இல், 2019இல்தான் வந்தது. உங்கள் பழைய போன் அதற்கும் முந்தையதாக இருக்கும். டெம்ப்ளேட்டில் 'பிரிஃபர்ஸ் கலர் ஸ்கீம்' என்ற விதி இருக்கிறது, போன் கருப்பில் இருந்தால் பக்கத்தையும் அது கருப்பாக்கும். எழுத்தின் நிறத்தை சிஎஸ்எஸ், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் நிரல், மாற்றிவிடும். பிஎன்ஜிக்குள் இருக்கும் கருப்பு எழுத்தை அந்த நிற மாற்றம் தொடாது. கருப்பின்மேல் கருப்பு. மூன்று கோடும் ஒரு குட்டி பிஎன்ஜியாக இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் கணினி வெள்ளையில் இருப்பதால் அங்கே தப்பித்தது. டார்க்கில் போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் உங்கள் தளம் இத்தனை நாளும் லோகோ இல்லாமல்தான் தெரிந்திருக்கும்.

நிரல்வாசி:
அப்போதும் நான் சொன்னது அடிப்படைதான். எழுத்துக்கும் பின்னணிக்கும் கலர் கான்ட்ராஸ்ட் 4.5:1 இருக்க வேண்டும் என்று, தளங்களை எல்லோரும் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூசிஏஜியில் விதியே இருக்கிறது. அதைப் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. ஒரே வரி போதும், பக்கத்தைப் பற்றி பிரவுசருக்குச் சொல்லும் மீட்டா டேகில் கலர்-ஸ்கீம் 'லைட்' என்று போடுங்கள். முடிந்தது.

தூரிகை:
இரண்டும் இங்கே பொருந்தாது. அந்த 4.5:1 விதியிலேயே லோகோவுக்கு விலக்கு இருக்கிறது. பெரிய எழுத்துக்கு 3:1 போதும். அப்புறம் மீட்டா டேக் பிரவுசர் தானாக வரையும் ஸ்க்ரோல் பட்டை, ஃபார்ம் கட்டம், இயல்பான பின்னணி இவற்றைத்தான் மாற்றும். டெம்ப்ளேட்டில் எழுதிவைத்த விதி போனின் அமைப்பைப் பார்க்கிறது, அந்த டேகைப் பார்ப்பதில்லை. போட்டாலும் பக்கம் கருப்பாகத்தான் வரும். முக்கியமாக, கண் கூசுகிறவர் வைத்துக்கொண்ட கருப்பை நாம் ஏன் வெள்ளையாக்க வேண்டும்? லோகோவைச் சரிசெய்தால் போதும்.

இரவுப்பறவை:
கருப்புத் திரைதான் கண்ணுக்கு நல்லது, பேட்டரிக்கும் நல்லது. எல்லாத் தளமும் கருப்பாகவே இருக்கலாம் என்பேன்.

பிட்டும்பைட்டும்:
பேட்டரி மிச்சமாவது ஓலெட் திரையில்தான். அங்கே கருப்புப் புள்ளி அணைந்தே இருக்கும். எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரியும். ஓலெட்டிலும், வெளிச்சத்தை முழுக்க ஏற்றினால் பெரிய மிச்சம், வழக்கமான 30–50 சதவீதத்தில் வைத்தால் 3 முதல் 9 சதவீதம்தான் என்று பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2021இல் அளந்து சொன்னார்கள்.

மருந்துச்சீட்டு:
கண்ணுக்கு நல்லது என்றும் பொதுவாகச் சொல்ல முடியாது. கருப்புத் திரையைப் பார்க்கும்போது கண்மணி விரியும், அதனால் சிதறல் பார்வை (ஆஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தின் ஓரம் கசிந்ததுபோல் தெரியும். அவர்களுக்கு வெள்ளைத் திரைதான் வசதி. சாரலின் நிலைமை வேறு, மருந்தே கண்மணியை விரித்து வைத்திருக்கிறது. இப்போதைக்குக் கருப்புதான் அவருக்கு இதம்.

சாரல், இன்னொன்று. கூச்சம் குறைந்துவிட்டது என்று ஸ்டீராய்டு சொட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார். சட்டென்று விட்டால் வீக்கம் திரும்ப வரும். வலி கூடினாலோ பார்வை மங்கிக்கொண்டே போனாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், உடனே போய்க் காட்டுங்கள்.

இரவுப்பறவை:
எனக்கும் சிதறல் பார்வை உண்டு, கருப்பில்தான் படிக்கிறேன், ஒன்றும் கசியவில்லை.

மருந்துச்சீட்டு:
உங்களுக்கு அது வசதி என்றால் அப்படியே படியுங்கள். எல்லோருக்கும் அதையே வைக்கச் சொல்வதுதான் தவறு.

சாரல்:
கண்ணைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? கணினி முன் உட்கார முடியாது, கையில் போன் மட்டும்தான் இருக்கிறது.

நிரல்வாசி:
சிஎஸ்எஸ்ஸில் லோகோவுக்கு ஃபில்டர் இன்வெர்ட் போடுங்கள், அது நிறங்களைத் தலைகீழாக்கும். கருப்பு வெள்ளையாகிவிடும்.

தூரிகை:
முழுக்கக் கருப்பு லோகோ என்றால் அது சரி, அதையும் டார்க் விதிக்குள் மட்டும் எழுத வேண்டும். நடுவில் சிவப்பு இருந்தால் அது வெளிர்நீலமாகிவிடும்.

சாரல், போனிலிருந்தே முடியும் வழி இது. ஏதாவது படத் திருத்தும் செயலியில் லோகோவைத் திறந்து, எழுத்துக்குப் பின்னால் வெள்ளை அடுக்கு ஒன்றை வையுங்கள், ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு. பிஎன்ஜியாகவே சேமித்து அதே பெயரில் ஏற்றுங்கள். வெள்ளை அடுக்கு வைக்காமல் ஜேபிஜியாக மாற்ற வேண்டாம். சில செயலிகள் வெற்றிடத்தைக் கருப்பால் நிரப்பிவிடும், அப்புறம் கணினியிலும் லோகோ காணாமல் போகும். மூன்று கோட்டுக்கும் இதையே செய்யுங்கள்.

கண் சரியானதும் நல்ல வழிக்கு மாறலாம். 'பிக்சர்' டேகில் இரண்டு படம் கொடுத்து, டார்க்குக்கு வெள்ளை லோகோ வரும்படி வைக்கலாம். அல்லது எஸ்விஜியாக மாற்றி, அந்த ஃபைலுக்குள்ளேயே டார்க் விதியை எழுதலாம். பக்கத்தின் எழுத்து நிறத்தையே எடுத்துக்கொள்ளும் 'கரன்ட் கலர்' போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எஸ்விஜியைப் பக்கத்துக்குள்ளேயே எழுதினால்தான் அது வேலை செய்யும், படமாக இணைத்தால் பக்கத்தின் நிறம் உள்ளே போகாது.

பிட்டும்பைட்டும்:
ஏற்றிய பிறகும் பழையதே தெரிந்தால் கேச்சை அழியுங்கள். இப்போது அது உண்மையிலேயே பொருந்தும், பெயர் மாறவில்லையே.

இரவுப்பறவை:
அதற்குப் பதில் வேறு பெயரில் ஏற்றலாமே. வருகிறவர்களின் கேச்சை எல்லாம் அவரால் அழிக்க முடியாது.

தூரிகை:
ஆமாம், அதுதான் நல்லது. சாரல், புதிய பெயர் வையுங்கள், தள அமைப்பில் லோகோ இடத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

சாரல்:
லோகோ வந்துவிட்டது. மூன்று கோட்டை அண்ணன் மகன் மாற்றிக் கொடுத்தான். சேர்க்கையும் தொடங்கிவிட்டது. சொட்டு இன்னும் விடுகிறேன், மருத்துவர் குறைத்திருக்கிறார். எல்லோருக்கும் நன்றி.

தூரிகை:
மகிழ்ச்சி. நேரம் கிடைக்கும்போது பிரவுசர் தாவலில் (டேப்) வரும் குட்டி ஐகானையும் பாருங்கள். அதுவும் பின்னணி இல்லாத கருப்பாக இருந்தால் டார்க் தாவல் பட்டையில் தெரியாது.