தடுப்பை எடுத்தால் பேசிவிடுவார்களா? ஆபீஸை மாற்றியமைத்த அனுபவங்கள்

*இன்டீரியர் ஒப்பந்தக்காரர், சென்னை*

கிண்டி, அம்பத்தூர் பக்கம் எந்த ஆபீஸுக்கு அளவெடுக்கப் போனாலும் முதலாளி சொல்வது ஒன்றுதான்: "தடுப்பையெல்லாம் எடுத்துடுங்க, ஆளுங்க கலந்து பேசணும்." கேபின் போனால் அதே சதுர அடியில் இன்னும் நாலு பேரை உட்கார வைக்கலாம் என்பதையும் மனதுக்குள் கூட்டிக்கொள்வார், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

இயந்திர உதிரிபாகம் வடிவமைக்கும் ஒரு கம்பெனி. ஐந்தடித் தடுப்புகளை எடுத்து நீள மேஜை போட்டோம். ஃபால்ஸ் சீலிங்கையும் கழற்றி ஏசி டக்ட் தெரியும்படி விடச் சொன்னார்கள், இப்போது அதுதானே ஃபேஷன். மேலே கான்கிரீட், பக்கத்தில் கண்ணாடி, கீழே டைல்ஸ். சத்தத்தை உறிஞ்ச ஒன்றும் கிடையாது. ஒருவர் சப்ளையரிடம் போனில் சண்டை போட்டால் கடைசி மூலை வரைக்கும் டெலிவரி தேதி தெரிந்துவிடும். கொஞ்ச நாளில் எல்லார் காதிலும் ஹெட்போன். பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்க வேண்டியதைக்கூட சாட்டில் தட்ட ஆரம்பித்தார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் திறந்த அமைப்புக்கு மாறிய இரண்டு பெரிய கம்பெனிகளில் யார் யாரோடு நேரில் பேசுகிறார் என்று பதிவு செய்யும் சென்சார் பேட்ஜை ஊழியர்களுக்கு மாட்டி அளந்தார்கள். 2018-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி நேரில் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. நாலு பேர் பார்க்க, கேட்க உட்காரும்போது மனுஷன் வாயை மூடிக்கொள்ளத்தான் செய்வான்.

அப்புறம் கூரைக்குச் சத்தத்தை உறிஞ்சும் மினரல் ஃபைபர் ஓடு போட்டோம், போன் பேசக் கதவுள்ள சின்ன அறைகள் அடைத்தோம். நிஜமாக வேலை செய்தது வேறொன்று. டிசைன் பிரிவுக்கும் தர ஆய்வுப் பிரிவுக்கும் நடுவே இடுப்புயர மேஜை ஒன்று, நாற்காலி கிடையாது. ரிஜெக்ட் ஆன பீஸ்களை டிராயிங்கோடு அதில் வைக்கச் சொன்னோம். போகிற வருகிறவர் பீஸைக் கையில் எடுத்து, "இந்த ஓரத்துல ஏன் பிசிறு வருது?" என்பார். பேச்சு தானாக ஆரம்பித்துவிடும்.

*கணக்குப் பிரிவு, கோவை*

அண்ணா சொல்வது ரொம்ப சரி. எங்கள் ஆபீஸில் இன்டீரியருக்கு ஒரு பைசா செலவில்லை. பேன்ட்ரி ரிப்பேர் என்று மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கி, எங்களுக்கும் டிஸ்பாட்சுக்கும் நடுவிலிருக்கும் நடையில் வைத்தார்கள். ஒரு மணிக்கு டிபன் பாக்ஸோடு வரிசை. "அக்கா, அந்த ஈ-வே பில்லில் வண்டி நம்பர் தப்பா இருக்கு" என்று டிஸ்பாட்ச் தம்பி சொல்வான், சாம்பார் சூடாவதற்குள் திருத்த வேண்டியது முடிவாகிவிடும். முன்பு இதற்கே மூன்று மெயில் போகும். மீன் குழம்பு நாளில் மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு.

*கட்டடக்கலை படித்தவர், திருச்சி*

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970-களிலேயே பொறியாளர்களை வைத்துப் பார்த்தது இதைத்தான். இருக்கைகளுக்கு நடுவே தூரம் கூடக்கூட பேச்சு மளமளவென்று குறைகிறது, 50 மீட்டர் தாண்டினால் அநேகமாக இல்லை. அதற்காக ஆட்களை வலுக்கட்டாயமாக நடக்கவும் வைக்கக் கூடாது. அனிமேஷன் படம் எடுக்கும் பிக்ஸார் கம்பெனியின் கட்டடத்தில் எல்லாரும் எதிரெதிரே வரட்டும் என்று கழிப்பறைகளை நடுக்கூடத்தில் மட்டும் வைக்க நினைத்தார் ஸ்டீவ் ஜாப்ஸ். ஊழியர்கள் எதிர்க்கவே யோசனையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. சாப்பாட்டுக்கு நடக்கலாம், அவசரத்துக்கு எப்படி நடப்பது?

*ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்*

எங்களுக்கு நிரந்தர இருக்கையே இல்லை. கலந்து பழகத்தானாம். காலையில் நம் டீம் ஆள் எந்த மாடியில் இருக்கிறார் என்று வாட்ஸப்பில் தேடுவதுதான் முதல் வேலை.

*இன்டீரியர் ஒப்பந்தக்காரர், சென்னை*

கோவை மேடம், நடையில் மைக்ரோவேவ் என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் மாட்ட வேண்டாம். 16 ஆம்பியர் பாயின்ட் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். வரிசை நிற்க இடம் விட்டு, நடைவழியை மறைக்காத மாதிரி சுவரோரமாக வையுங்கள்.