மலையில் கார் ஷெட் கதவுக்கு நாமே பெயிண்ட் அடித்த அனுபவங்கள்

குன்னூர், பெட்போர்டு

எங்கள் கார் ஷெட்டுக்கு ரோலிங் ஷட்டர். எட்டடி அகலம், ஏழடி உயரம். முன்பு ஒரு பெயிண்டர் அடித்துவிட்டுப் போன பச்சை எனாமல் இரண்டாவது மழைக்காலத்திலேயே உரிய ஆரம்பித்தது. இத்தனைக்கும் துரு கிடையாது. நகத்தால் நெம்பினால் நாலு விரல் அகலத்துக்கு நீளநீளமாகக் கழன்று வந்தது. அடியில் தகடு புதுசாகப் பளபளத்தது.

காரணம் அந்தப் பளபளப்பில்தான் இருக்கிறது. ஷட்டர் பட்டைகள் பெரும்பாலும் ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. சிந்தெடிக் எனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பிசின் துத்தநாகத்தோடு ஈரமும் சேரும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாக மாறிவிடும். பெயிண்ட் மேலே நன்றாக இருக்கும், பிடிமானம் மட்டும் போய்விடும். வழக்கமான ரெட் ஆக்சைடு பிரைமரும் எண்ணெய்ப் பிசின்தான். அதை முதலில் அடித்தாலும் ஜி.ஐ. தகட்டில் இதே கதிதான். ஆனால் எந்தக் கடையில் கேட்டாலும் இரும்புக்கு என்று ரெட் ஆக்சைடைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள்!

உங்கள் கதவு ஜி.ஐ.யா சாதா இரும்பா என்று காந்தம் வைத்துப் பார்க்க முடியாது, இரண்டிலும் ஒட்டும். ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் வெள்ளையில் பூப்பூவாகப் படிகம் தெரிந்தாலோ, பழைய கீறல்களில் பழுப்புத் துருவுக்குப் பதில் வெள்ளை மாவு பூத்திருந்தாலோ அது ஜி.ஐ.

நான் செய்தது இது. பட்டித் தகடும் கம்பி பிரஷும் கொண்டு பழையதை முழுக்கச் சுரண்டினேன். சோப்புத்தூள் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, 120 நம்பர் எமரித் தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்தேன். துத்தநாகத்தையே தேய்த்து எடுத்துவிடக் கூடாது, மேல்மினுக்கு போனால் போதும். பிறகு தின்னர் நனைத்த துணியால் துடைப்பு. அதன்மேல் இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் ஒரு கோட், பி.யூ. (பாலியூரித்தேன்) எனாமல் மெல்லிசாக இரண்டு கோட். செலவு சாதா எனாமலைவிடக் கூடுதல்தான். ஆனால் பெட்போர்டில் கூலி கொடுத்து மறுபடி மறுபடி அடிப்பதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

ஷட்டருக்கென்று ஒரு தனிச் சங்கதி உண்டு. பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டிருக்கும். பெயிண்டைத் தடியாக அடித்தால் அந்த இணைப்பில் தேங்கி ஒட்டிக்கொள்ளும். மேலே சுருட்டும்போது பிய்த்துக்கொண்டு வரும். எனவே பிரஷில் பாதி பெயிண்ட்தான் எடுக்க வேண்டும். தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் ஷட்டரை ஒரு சாண் தூக்கி இறக்கினால் இணைப்புகள் விட்டுக்கொள்ளும். அதற்குமேல் சுருட்டாதீர்கள். பி.யூ. முழுசாக இறுக ஒரு வாரம் ஆகும், நம் குளிரில் அதற்கும் மேலே. அதுவரை கார் வெளியில்தான் நிற்க வேண்டும். பக்கவாட்டுச் சேனலுக்குள் பெயிண்டே போகக் கூடாது, டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

மாதம் பற்றிக் கேட்பீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழைதான் பெரிது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். மண் சரிந்து மலை ரயில் நிற்கிற அக்டோபர், நவம்பரில் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

ஊட்டி, லவ்டேல்

குன்னூர் அண்ணா பிரைமர் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் நேரக் கணக்கைச் சொல்கிறேன், எங்கள் உயரத்தில் அதுதான் பாதி வேலை.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். ஜனவரியில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும். பெயிண்டுக்கு இதைவிட நல்ல நாள் இல்லை என்று தோன்றும். ஆனால் மேகமில்லாத அந்த வானமே சாயங்காலம் எதிரியாகிவிடும். வெயில் சாய்ந்ததும் இரும்புத் தகடு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். தரை காய்ந்திருக்கும், கதவில் மட்டும் நீர்ப்பனி கோத்து நிற்கும். காயாத எனாமல்மேல் அது உட்கார்ந்தால் மறுநாள் காலையில் பளபளப்பு போய் வெள்ளையாகப் புகை படிந்திருக்கும். துடைத்தாலும் போகாது. தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

நான் காலை பத்தரைக்குமுன் பிரஷைத் தொடமாட்டேன். மதியம் ஒன்றரைக்கு மூடிவிடுவேன். தொழிற்சாலைகளில் ஒரு விதி உண்டு: இரும்பின் சூடு பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படிய ஆரம்பிக்கும் சூட்டைவிட, 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீட்டர் இல்லாதவர்கள் ஈரத்துணியால் கதவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குள் தானாகக் காய்ந்துவிட்டால் அடிக்கலாம். காயாமல் நின்றால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். நான் ஒவ்வொரு கோட்டுக்கு முன்பும் இதைச் செய்கிறேன், வெயில் எவ்வளவு அடித்தாலும்.

எபாக்சிக்கு இன்னொரு எச்சரிக்கை. இரண்டையும் கலந்ததும் உடனே அடிக்காமல் டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் ஊறவிடுங்கள், குளிரில் இன்னும் கொஞ்சம் சேர்த்து. குளிரும் ஈரமும் சேர்ந்தால் காய்ந்த எபாக்சிமேல் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் வரும். விரலை வைத்து இழுத்தால் வழுக்கும். வெந்நீர் நனைத்த ஸ்கிரப்பரால் அதைக் கழுவி எடுக்காமல் மேல் கோட் அடித்தால் ஒட்டவே ஒட்டாது. தின்னரால் துடைத்தால் அது பரவத்தான் செய்யும்.

எபாக்சியையே மேல் கோட்டாக அடித்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். மலையில் புற ஊதாக் கதிர் கூடுதல். எபாக்சி வெயிலில் சுண்ணாம்பு மாதிரி மாவு விட்டுவிடும். அது கீழேதான் இருக்க வேண்டும், வெயிலை வாங்குவதற்கு மேலே பி.யூ. வேண்டும்.

கொடைக்கானல், நாயுடுபுரம்

எங்களுடையது மரக்கதவு, இரட்டைக் கதவு. பழைய வீடு என்பதால் பெயிண்ட்மேல் பெயிண்டாக எத்தனை அடுக்கு என்றே தெரியாது. சுரண்டிய இடத்தில் பச்சை, கீழே கிரீம், அதற்கும் கீழே ஒரு செங்கல் நிறம் என்று வரிவரியாகத் தெரிந்தது.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறாள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய அடுக்குகளில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் மெஷின் போட்டுத் தேய்த்தால் தூள் வீடெல்லாம் பறக்கும். நான் தண்ணீர் தெளித்துத் தெளித்து வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். கீழே தார்ப்பாய் விரித்து, வந்த சேற்றையெல்லாம் பையில் கட்டினேன். வேலை முடியும்வரை குழந்தையை அந்தப் பக்கமே விடவில்லை. ஹீட் கன் வைத்துப் பொசுக்குவதும் வேண்டாம், அந்தப் புகையை நாம்தான் மூச்சில் இழுப்போம்.

கதவைக் கீலிலிருந்து கழற்றிக் கிடத்தியபோதுதான் விஷயம் புரிந்தது. கீழ் விளிம்பில் யாரும் எந்தக் காலத்திலும் பெயிண்ட் அடிக்கவில்லை! மேலே எத்தனை கோட் இருந்தால் என்ன, மரம் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் பஞ்சாக உள்ளே போனது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, ஆசாரி ஒரு தேக்குச் சட்டம் கொடுத்து இணைத்தார். மரத்தின் நார் வெட்டுப்பட்ட முனைகளில் வுட் பிரைமரைக் கொஞ்சம் டர்பன்டைன் விட்டு இளக்கி, குடிக்கும் மட்டும் கொடுத்தேன். காய்ந்தபின் இளக்காத பிரைமர் ஒரு கோட், வெளிப்புற எனாமல் இரண்டு கோட். கதவின் ஆறு பக்கமும் மூடினால்தான் மரம் தண்ணீர் குடிக்காது.

மழை விட்டவுடன் அடிக்காதீர்கள். ஊறிப்போன மரத்தை மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெயிலில் கொப்புளமாகக் கிளம்பும். எங்கள் பக்கம் டிசம்பர் வரை மழை, அதன்பின் பனி. மரம் நன்றாகக் காய மார்ச் ஆகிவிடுகிறது.

ஆளி விதை எண்ணெய் போட்டுத் துடைப்பவர்களுக்கு ஒன்று: அந்தத் துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவிடுங்கள்.

கூடலூர், தேவாலா

எங்கள் ஊர் மழை உங்களுக்கெல்லாம் தெரியும். ஜூனில் பிடித்தால் ஆகஸ்ட் வரை கதவு காயவே காயாது. எங்களுக்கு வசதி ஜனவரி முதல் மார்ச் வரைதான்.

கதவு சாதா இரும்புத் தகடு, சுற்றிச் சதுரப் பைப் சட்டம். துரு எப்போதும் கீழிருந்து ஒரு முழ உயரத்துக்குள்தான் ஆரம்பிக்கிறது. கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கும் உயரம் அது. அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கோட் கூடுதலாகக் கொடுக்கிறேன். சட்டத்தின் அடிப் பைப்பில் சிறு ஓட்டை இரண்டு போட்டால் உள்ளே தேங்கும் தண்ணீர் வடிந்துவிடும். இல்லாவிட்டால் வெளியே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் உள்ளிருந்தே தின்றுவிடும். தகரத்தின் வெட்டு விளிம்புகளிலும் வெல்டிங் திட்டுகளிலும் பெயிண்ட் தானாக மெலிந்து விலகும். முதலில் அவற்றுக்குச் சின்ன பிரஷால் கொடுத்துவிட்டு அப்புறம் மொத்தமாக அடியுங்கள். சாதா இரும்புக்கு ரெட் ஆக்சைடு தாராளமாகப் போதும், ஆனால் பிரைமரோடு விட்டுவிட்டு மழையில் நிறுத்தக் கூடாது.

கோத்தகிரி, கட்டபெட்டு

எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி. மேல் கோட் அடித்த அன்று சாயங்காலம் காட்டுமாடு வந்து கதவில் உரசிவிட்டுப் போயிருக்கிறது. காலையில் பார்த்தால் இடுப்புயரத்தில் ஒரு கை நீளத்துக்குப் பெயிண்ட் இழுபட்டு, அதில் கருப்பு ரோமம் பதிந்திருந்தது. இப்படி ஆனால் ஈரத்தில் துடைக்கப் போகாதீர்கள், இன்னும் பரவும். முழுசாகக் காயவிட்டு, 320 எமரியால் அந்த இடத்தைச் சமன் செய்து, ஒரு பட்டை முழுக்க மறுபடி அடியுங்கள். திட்டாக ஒட்டுப் போட்டால் வெயிலில் தனியாகத் தெரியும். எங்கள் பக்கம் இருப்பவர்கள் காலையிலேயே அடித்துவிட்டு, கதவுக்கு முன்னால் நாலடி தள்ளி இரண்டு மூங்கிலைக் குறுக்கே கட்டிவிடுங்கள். ஷெட்டுக்குள் சமையல் எண்ணெய், வெல்லம் எதுவும் வைக்காதீர்கள். கரடி வந்தால் பெயிண்டோடு கதவும் போய்விடும்.

கேத்தி

குன்னூர் அண்ணா, எங்களுடையது வாடகை வீடு. பழைய எனாமல் நிறம் மங்கியிருக்கிறது, உரியவில்லை. எல்லாவற்றையும் சுரண்டித்தான் ஆக வேண்டுமா? பி.யூ. வாங்கும் அளவுக்கு இப்போது கையில் இல்லை.

குன்னூர், பெட்போர்டு

வேண்டாம் தம்பி. பிளேடால் கட்டம் கட்டமாகச் சின்னதாகக் கீறி, அதன்மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, சரேலென்று இழுத்துப் பார். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலாவது பார்க்க வேண்டும். டேப்போடு கட்டங்கள் கழன்று வராவிட்டால் பழையது நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். 220 எமரியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, அதன்மேல் எனாமலையே இரண்டு கோட் அடி. உன் கதவு எங்கள் ஷட்டர் அளவுதான் என்றால் வெளிப்பக்கம் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் போதும்.

பழைய எனாமல்மேல் நேரடியாக பி.யூ. அடிக்காதே. அதன் தின்னர் காரமானது, அடியில் இருப்பதைச் சுருக்கம் சுருக்கமாகத் தூக்கிவிடும். பிற்பாடு பி.யூ. அடிக்கும் எண்ணம் இருந்தால் அப்போது முழுசாகச் சுரண்டிவிட்டு எபாக்சியிலிருந்து ஆரம்பி. பி.யூ.வை ஸ்பிரேயில் அடிக்கப் பார்க்காதே, அதில் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்ட்னரின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளியில் நின்று பிரஷோ ரோலரோ போதும். பிரஷ் கழுவிய தின்னரைக் கால்வாயில் ஊற்றாமல் ஒரு டப்பாவில் மூடி வை. பெயிண்ட் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை அடுத்த தடவை பிரஷ் கழுவ எடுத்துக்கொள்ளலாம்.