ஆன்டெனா கரன்ட் சரியாக இருந்தும் சிக்னல் இல்லை: உங்கள் அனுபவம்?

மாடிப்படி:
மூன்று வாரமாக மனதை அரிக்கிறது. துல்லிய நேரம் தரும் ஜிபிஎஸ் ரிசீவர் தினமும் விடியற்காலையில் ஹோல்ட்ஓவருக்குப் போகும், அதாவது செயற்கைக்கோள் சிக்னலை இழந்து தன் உள் கடிகாரத்திலேயே ஓடும். வெயில் ஏறியதும் தானாகச் சிக்னலைப் பிடித்து லாக் ஆகிவிடும். ஆன்டெனா அலாரம் கிடையாது. கேபிள் வழியே ஆன்டெனாவுக்குப் போகும் கரன்ட் 27 மில்லியாம்பியர், வழக்கம்போலத்தான். அதை நம்பி ரிசீவரையே இரண்டு முறை மாற்றினேன். 44, 45 என்று நின்ற சி/என்ஓ (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் வலு) 29-க்கு இறங்கியிருந்ததைப் பார்த்தும் உறைக்கவில்லை. கடைசியில் மேலே ஏறி என்-டைப் கனெக்டரைத் திருகினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விரலில் விழுந்தது. நடு ஊசி பச்சை பிடித்துக் கிடந்தது. டேப்பை மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தார்கள், ஒவ்வொரு மடிப்பும் மழைக்கு வாய் திறந்திருந்தது. டிசி மின்சாரம் போக அந்த ஈரம் தடையே இல்லை, சிக்னலுக்குத்தான் தடை.

நாலு போர்ட்:
எனக்கு வினை சிக்னலைப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில். ஒரே ஆன்டெனா, நாலு ரிசீவர். பழையது ஒன்றைக் கழற்றினேன், மற்ற மூன்றின் விளக்கும் பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறின. ஆன்டெனாவுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது அந்தப் பழையதுதான், மற்ற போர்ட்களில் டிசி தடுக்கப்பட்டிருந்தது. அந்த நொடி இன்னும் கண்ணில் நிற்கிறது. மாடிப்படி, உங்கள் கேபிள் நீளமென்றால் ரிசீவர் பக்கம் ஒரு லைன் ஆம்ப்ளிஃபையர் போடுங்கள்.

நானோநொடி:
தயவுசெய்து அங்கே போடாதீர்கள். தரைக்கு வரும்போதே சிக்னல் மைனஸ் 130 டிபிஎம் அளவுதான், மிக மிகப் பலவீனம். கேபிளில் தேய்ந்தபின் கீழே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும், சி/என்ஓ ஏறாது. போடுவதானால் ஆன்டெனாவை ஒட்டிப் போடுங்கள், இல்லையென்றால் இழப்புக் குறைந்த கேபிளுக்கு மாறுங்கள். கனெக்டரை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள். கேபிள் முனையைக் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள், உள்ளே செம்புக் கம்பிப் பின்னல் கறுத்திருந்தால் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம், நல்ல செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கேபிளில் போட்ட இடிதாங்கி டிசியைக் கடத்தும் வகையா என்றும் பாருங்கள். அப்புறம் கேபிள் டிலே, அதாவது சிக்னல் கேபிளைக் கடக்க எடுக்கும் நேரம், அதை ரிசீவரில் பதிய வேண்டும்! நான் 30 மீட்டர் கூடுதலாகப் புதுக் கேபிள் இழுத்தேன், சிக்னல் அருமை. ஆனால் டிலே எண்ணைத் திருத்த மறந்ததால் 1 பிபிஎஸ் (வினாடிக்கு ஒருமுறை ரிசீவர் தரும் துடிப்பு) 150 நானோ வினாடி பிந்தியே ஓடியது. உள் காப்பு திட பாலித்தீனாக உள்ள கேபிளுக்கு மீட்டருக்கு 5 நானோ வினாடி, ஃபோம் என்றால் சுமார் 4.

மாடிப்படி:
பின்னல் கறுப்புத்தான். முழுக் கேபிளும் மாற்றியாயிற்று, இன்று விடியற்காலை சி/என்ஓ 43. டிலே எண் இன்னும் பழையதுதான், இப்போதே திருத்துகிறேன்.