போர்க்கைதியாக இருந்து திரும்பிய விமானியைப் படை மறுபடி நம்புமா?

கேள்வி:
விமானப்படைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1971 போரில் பிடிபட்டு, ராவல்பிண்டி முகாமிலிருந்து தப்பிய திலீப் பருல்கரைப் பற்றி யாரைக் கேட்டாலும் தப்பித்த கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். பிடிபட்டுத் திரும்பியவருக்கு அப்புறம் நல்ல பொறுப்பு கிடைத்ததா?

பதில் (ஓய்வுபெற்ற விமானப்படைத் தொழில்நுட்பர், தாம்பரம்):
கிடைத்தது தம்பி. குரூப் கேப்டனாகத்தான் (தரைப்படையின் கர்னலுக்கு இணையான பதவி) ஓய்வுபெற்றார். தேசிய ராணுவ அகாடமியில் பட்டாலியன் கமாண்டராக இருந்து பயிற்சி மாணவர்களை வளர்த்தார். நம்பிக்கை இல்லாத ஆளிடம் பிள்ளைகளை ஒப்படைப்பார்களா?

அவர் 1963-இல் சேர்ந்தவர். 1965 போரிலேயே கையில் குண்டு பாய்ந்தும் விமானத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கி, வாயுசேனா பதக்கம் வாங்கினார். 1971-இல் சுகோய்-7 என்ற தாக்குதல் விமானத்தை ஓட்டினார். அந்த எஞ்சினில் வேலை பார்த்தவன் நான். கூடுதல் வேகத்துக்கான ஆஃப்டர்பர்னர் போட்டால் எரிபொருளைக் குடித்துத் தீர்த்துவிடும். பீரங்கி, டாங்கிகளைத் தாக்கத் தாழப் பறக்கணும்; கீழே இருக்கிற துப்பாக்கிக்கெல்லாம் அது இலக்கு. டிசம்பர் 10-ஆம் தேதி சுடப்பட்டு, பாரசூட்டில் குதித்துப் பிடிபட்டார். அது திறமைக் குறைவு இல்லை. அந்த வேலையின் ஆபத்து அப்படி.

பதில்:
சார், முகாமிலிருந்து தப்பிய பருல்கரும் கூட்டாளிகளும் ஆப்கான் எல்லைக்கு அவ்வளவு பக்கத்தில் போய் மறுபடி எப்படி மாட்டினார்கள்?

பதில் (தாம்பரம்):
பருல்கர், அவரோடு கைதியாக இருந்த விமானிகள் கிரேவால், ஹரீஷ் சின்ஹ்ஜி மூன்று பேரும் அறைச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தார்கள். 1972 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவு அந்த ஓட்டை வழியாக வெளியேறி, பஸ் பிடித்து பெஷாவர் போனார்கள். அங்கிருந்து ஜம்ரூத், அப்புறம் லண்டி கோட்டல். ஆப்கான் எல்லைக்கு இன்னும் சில கிலோமீட்டர்தான். அங்கே போய் லண்டி கானாவுக்கு வழி கேட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்குச் சந்தேகம் வந்து தாசில்தாரிடம் இழுத்துப் போய்விட்டார்கள். அப்போது பாகிஸ்தானில் சிக்கியிருந்த வங்காளிகள் பலர் அந்த வழியாகத் தப்பிக்கொண்டிருந்ததால் இவர்களையும் அப்படித்தான் நினைத்தார்கள்.

பதில்:
ரயில் ஆர்வலன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கைபர் ரயில் பாதையை லண்டி கானா வரை நீட்டியது 1926-இல். 1932-இலேயே அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். நாற்பது வருஷமாக ரயில் போகாத ஸ்டேஷனுக்கு வழி கேட்டால் உள்ளூர்க்காரன் முறைக்கத்தான் செய்வான்.

பதில் (தாம்பரம்):
அதேதான். அப்போதும் பருல்கர் நிதானம் இழக்கவில்லை. முகாம் தலைவராக இருந்து, பிறகு பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியின் உதவி அதிகாரியாகப் போன உஸ்மான் ஹமீதுக்கு போன் போடச் சொன்னார். மூவரையும் பத்திரமாக வைத்திருக்கும்படி அவர் சொன்னதால் உயிர் தப்பியது. 1972 டிசம்பர் 1-ஆம் தேதி வாகா வழியாக ஊர் திரும்பினார்கள். பிறகு பருல்கருக்கு விசிஷ்ட சேவா பதக்கமும் கொடுத்தார்கள். தேர்வுக்கு நன்றாகப் படி தம்பி. நேர்முகத்தில் இவரைப் பற்றிக் கேட்டால் 1965-லிருந்து ஆரம்பி.