புதுப்பிப்பு: பொன்னியின் செல்வன் இரண்டாம் படம் ஏன் ஏமாற்றியது

முதல் படம் (2022) பிடித்தது, இரண்டாவது (2023) ஏமாற்றம் என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கேட்டவர்களுக்காக இது. படங்களுக்கு மூலமான கல்கியின் ஐந்து பாக நாவலை முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள், முடிவு வெளிப்படும்.

முதலில் அளவு. நாவலின் முதல் இரு பாகங்களான ‘புது வெள்ளம்’, ‘சுழற்காற்று’ இரண்டும் சேர்ந்து 110 அத்தியாயங்கள். முதல் படம் பெரும்பாலும் அவற்றோடு நிற்கிறது. மீதி மூன்று பாகங்களின் 183 அத்தியாயங்கள் ஒரே படத்தில். கடைசிப் பாகமான ‘தியாகச் சிகரம்’ மட்டுமே 91!

அதைவிடப் பெரிய இழப்பு மணிமேகலை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலைப் பழியை, கதாநாயகன் வந்தியத்தேவனுக்காகத் தன் தலையில் போட்டுக்கொள்பவள் அவள். படத்தில் அவளே இல்லை. நாவலின் கடைசி அத்தியாயமே அவள் மரணம்தான்.

மகுடமும் அப்படித்தான். இளவரசன் அருள்மொழிவர்மன் விட்டுக்கொடுக்கும் சோழ மகுடத்தைக் கல்கி பூக்கட்டும் சேந்தன் அமுதனுக்குத் தருகிறார், அவனே முன்னாள் அரசரின் மனைவி செம்பியன் மாதேவியின் உண்மை மகன் என்பதால். படத்தில் அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே போகிறது. அருள்மொழியின் தியாகம் வெறும் சமரசமாகிவிட்டது என்பது என் எண்ணம்.

படம் பார்த்துவிட்டு வருபவர்களும் முதல் பாகத்திலிருந்தே படியுங்கள். மூன்றாவதில் தொடங்கினால் சேந்தன் அமுதன் யாரென்றே பிடிபடாது. கல்கியின் முடிவுரையையும் விடாதீர்கள். பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அதில் சொல்கிறார்.